கிரிப்டோ வாலட்: பெரிய காசு போடும் முன்பே அழித்து மீட்டுப் பாருங்கள்

கிரிப்டோ காயின்களுக்கான ரகசியச் சாவியை வைத்திருக்கும் ஆப்தான் வாலட். மெட்டாமாஸ்க், டிரஸ்ட் வாலட் போன்ற வாலட்டுகளில் நீங்கள் வைக்கும் பாஸ்வேர்டும் கைரேகையும் அந்த ஒரு போனில் இருக்கும் ஆப்பைத் திறக்க மட்டுமே. போன் தொலைந்தாலோ ரீசெட் ஆனாலோ கைகொடுப்பது, வாலட் தொடங்கும்போது திரையில் வந்த 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள்தான். இதை சீட் ஃபிரேஸ் என்பார்கள். அதன் நகல் வாலட் நிறுவனத்திடம் இருக்காது. காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் கிடக்கும் காயினுக்கு இது பொருந்தாது. அங்கே சாவி அவர்கள் கையில்.

முதலில் எழுதும் விதம். ஆங்கில எழுத்தில், 1, 2, 3 என்று எண் போட்டு எழுதுங்கள். வரிசை மாறினால் வாலட்டே மாறிவிடும். ஒலியை வைத்துத் தமிழில் எழுதவே கூடாது: 'வலது' என்று பொருள்படும் ரைட், 'எழுது' என்று பொருள்படும் ரைட் இரண்டுமே, சீட் ஃபிரேஸுக்குச் சொற்கள் எடுக்கப்படும் 2,048 சொற்கள் கொண்ட பட்டியலில் உள்ளன. முதல் நான்கு எழுத்தை வைத்தே எந்தச் சொல் என்று உறுதி செய்துவிடலாம் என்பதால், அந்த நான்கும் தெளிவாக இருக்கட்டும். தண்ணீர் பட்டால் சில ஜெல் பேனாக்களின் மை கரையும், பென்சில் நிற்கும். பெரிய தொகை என்றால் எஃகுத் தகட்டில் பொறித்துவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். கூகுள் போட்டோஸ் அதைத் தானாகவே இணையத்தில் ஏற்றிவிடக்கூடும். பிறகு உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு எவ்வளவு வலுவோ, அவ்வளவுதான் உங்கள் பணத்துக்கும் பாதுகாப்பு. இரண்டு முழு நகல்களை இரண்டு வீடுகளில் வையுங்கள். பாதிச் சொற்கள் இங்கே, பாதி அங்கே என்று பிரிப்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் ஏதாவது ஒரு பாதி போனாலே எல்லாம் போச்சு.

அடுத்தது பலரும் தாண்டிப் போகும் படி. என்னைக் கேட்டால் இதுதான் உயிர்நாடி. வாலட்டில் மிகச் சிறிய தொகை மட்டும் போட்டு, காசு பெறும் வாலட் முகவரியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பை நீக்குங்கள். மறுபடி நிறுவி, தாளைப் பார்த்து மட்டும் சொற்களைத் தட்டுங்கள். அதே முகவரி வந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம். 'சொற்கள் தவறு' என்று வந்தால் எழுத்தோ வரிசையோ தவறியிருக்கும். பிழையே காட்டாமல் வேறு முகவரி வந்தால், அதே வகை வாலட்டைத்தான் திறந்தீர்களா என்று பாருங்கள். எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் தன் சொற்களைத் தனி முறையில் உருவாக்குகிறது. மற்ற வாலட்டுகள் பெரும்பாலும் அதை ஏற்காது. ஆகவே வாலட்டின் பெயரையும் தாளிலேயே எழுதுங்கள்.

மெட்டாமாஸ்கில் இன்னொரு பொறி உண்டு. பிரைவேட் கீ (ஒரு கணக்குக்கு மட்டுமான ரகசியச் சாவி) கொடுத்து இம்போர்ட் செய்த கணக்குகள் சீட் ஃபிரேஸால் திரும்பி வராது. அந்தக் கீயைத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

சீட் ஃபிரேஸோடு நீங்களே சேர்க்கும் கூடுதல் ரகசியம், அதாவது 25-வது சொல் எனப்படும் பாஸ்ஃபிரேஸைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். ஒரு பெரிய எழுத்து மாறினாலும் பிழை காட்டாமல் வெற்று வாலட் ஒன்றைத் திறந்து காட்டும். காசு திருடுபோய்விட்டது என்று நினைப்பீர்கள். சாவியைத் தனியாக வைத்திருக்கும் லெட்ஜர் என்ற கருவி வைத்திருப்பவர்கள் கவனிக்க: பின் எண்ணை 3 முறை தவறாகப் போட்டால் கருவி தன்னுள் இருக்கும் சாவிகளை அழித்துவிடும். சொற்கள் கையில் இருந்தால் இதில் எந்த நஷ்டமும் இல்லை.

தாளில் ஒரு சொல் அழிந்துபோயிருந்தால் கைவிட்டுவிடாதீர்கள். அது எத்தனையாவது சொல் என்று தெரிந்தால், 12 சொல் வாலட்டில் 2,048 வாய்ப்புகளில் சுமார் 128 மட்டுமே சொற்களுக்குள்ளேயே பொதிந்திருக்கும் சரிபார்ப்பில் தேறும். பிடிசிரெகவர் என்ற இலவச மென்பொருள், முகவரி தெரிந்தால் அவற்றைச் சோதித்துச் சரியானதைக் கண்டுபிடிக்கும். இணையத்திலிருந்து துண்டித்த கணினியில் ஓட்டுங்கள். 'மீட்டுத் தருகிறேன், மீதிச் சொற்களை அனுப்புங்கள்' என்று டெலிகிராமில் வருபவரிடம் ஒரு சொல்கூடக் கொடுக்காதீர்கள்.