பழைய பேப்பரும் வெந்தயமும்: கூழ்க் கிண்ணம் செய்யலாம் வாங்க

ஆச்சி வீட்டில் மிளகாய் வற்றல் போட்டு வைக்க ஒரு சாம்பல் நிறப் பெட்டி உண்டு. மூங்கில் இல்லை, பனையோலையும் இல்லை. விரலால் தட்டினால் மரம் மாதிரி 'டொக்' என்று சத்தம் வரும். அது முழுக்க முழுக்கப் பழைய பேப்பர் என்று எனக்குத் தெரிந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது.

போன வருடம் கோடை விடுமுறையில் மகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். கப்பல், விசிறி, கத்திக் கப்பல், காற்றாடி எல்லாம் இரண்டே நாளில் தீர்ந்து போயின. அப்போது அம்மாதான், "ஆச்சி செய்வாளே, அந்தக் கூழ்ப் பெட்டியைச் செய்யேன்" என்றாள்.

செய்தேன். முதல் கிண்ணத்தின் அடிப்பாகம் அச்சோடு போய்விட்டது. இரண்டாவதில் பூஞ்சை பூத்தது. மூன்றாவது உருப்பட்டது; வாசல் பக்கம் சாவி போட அதுதான் இருக்கிறது. அந்த இரண்டிலும் நான் எங்கே கோட்டை விட்டேன் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதற்கு ஒரு வாரம் பிடிக்கும். கை வேலை மொத்தமே இரண்டு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் ஊறுவதும் காய்வதும்.

என்னென்ன வேண்டும்

ஒரு நடுத்தரக் கிண்ணத்துக்கு 100 கிராம் பேப்பர். தராசு இல்லையென்றால் நான்கு பக்கம் கொண்ட முழுத் தாள் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். வெந்தயம் இரண்டு மேசைக்கரண்டி. அச்சுக்கு ஒரு பாத்திரம், பழைய பருத்தி வேட்டித் துண்டு, ஒரு வாளி. அவ்வளவுதான்.

பேப்பரில் வழவழப்பான வார இதழ்த் தாளைச் சேர்க்காதீர்கள். அந்தப் பளபளப்புக்காக அதன் மேல் வெள்ளைக் களிமண் பூசியிருப்பார்கள். அது கூழில் கலந்தால் காய்ந்த பிறகு ஓரம் உதிரும். நாளிதழ் நல்லது. அதைவிட நல்லது முட்டை அட்டை. அதுவே கூழில் செய்த பொருள் என்பதால் வெந்நீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் முட்டை அட்டையிலேயே ஆரம்பியுங்கள். பரீட்சை முடிந்த பள்ளி நோட்டும் ஆகும், ஆனால் அந்தத் தாள் விறைப்பு, ஒரு நாள் கூடுதலாக ஊற வேண்டும்.

வெந்தயம் எதற்கு? ஒட்டுவதற்குத்தான். ஊறிய வெந்தயத்தை அரைத்தால் வழுவழுவென்று வருகிறதே, அந்தப் பிசின்தான் பசை. கொத்தவரை விதையிலிருந்து குவார் கோந்து எடுக்கிறார்கள் அல்லவா, இதுவும் அதே வகை. கசப்பாக இருப்பதால் பூச்சி அண்டாது என்பது ஆச்சியின் கட்சி. மைதாப் பசையும் ஒட்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மைதா போட்ட கிண்ணம் எங்கள் வீட்டுக் கரப்பான் பூச்சிக்கு விருந்து. அதனால் என் ஓட்டு வெந்தயத்துக்குத்தான்.

ஊற வைத்து அரைப்பது

பேப்பரை ஒரு அங்குலத் துண்டுகளாகக் கிழியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்த ஓரத்தில் நார் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் நமக்கு வேண்டும். நாளிதழை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகப் போகும், இன்னொரு பக்கம் கோணல்மாணலாக ஓடும். நார்கள் ஒரே திசையில் படுத்திருப்பதுதான் காரணம். நேராகப் போகும் பக்கமாக முதலில் நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டு, பிறகு துண்டாக்கினால் வேலை சீக்கிரம் முடியும். மூன்று வயதுக் குழந்தை முதல் தாத்தா வரை எல்லோரும் சண்டை போடாமல் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

கிழித்ததை வெந்நீர் ஊற்றி இரண்டு நாள் ஊற வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் நாறும். வெந்தயத்தை இரண்டாம் நாள் இரவு தனியாக ஊறப் போட்டு, காலையில் இட்லிக்கு உளுந்து ஆட்டுகிற மாதிரி நுரைக்க நுரைக்க அரைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி பேப்பரை ஆட்டுரலில் போட்டு ஆட்டுவாள். என்னிடம் மிக்ஸிதான். இதற்கென்று ஒரு பழைய ஜாரை ஒதுக்கிவிடுங்கள், அச்சு மை பட்ட ஜாரில் மறுபடி சட்னி அரைக்காதீர்கள். ஒரு கைப்பிடி பேப்பருக்கு முக்கால் ஜார் தண்ணீர். விட்டு விட்டு ஐந்தாறு தடவை ஓட்டினால் போதும்.

(பிறகு சேர்த்தது: மிக்ஸியில் புகை வந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருமே தண்ணீர் குறைவாக விட்டு அரைத்திருக்கிறார்கள். பேப்பர் நார் பிளேடில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும், மோட்டார் திணறும். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும், எப்படியும் பிழியத்தானே போகிறோம். மிக்ஸியே வேண்டாம் என்றால் மூன்று நாள் ஊற வைத்து மத்தால் கடையுங்கள். கொஞ்சம் கரடுமுரடாக வரும், எனக்கு அதுவும் பிடிக்கும்.)

பிழிவது

வேட்டித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். எவ்வளவு? புட்டு மாவுப் பக்குவம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். முதல் தடவை நான் அரைகுறையாகப் பிழிந்தேன், கூழ் அச்சிலிருந்து வழுக்கி வழுக்கிக் கீழே வந்தது. அடுத்த தடவை வீம்புக்கு எலும்பு நோகப் பிழிந்தேன், கட்டி கட்டியாகி வெந்தய விழுது சேரவே இல்லை.

பிழிந்ததை உதிர்த்து, வெந்தய விழுதைப் போட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பத்து நிமிடம் பிசையுங்கள். இதில் சோம்பல் படக்கூடாது. கடைசியில் கையில் ஒட்டாமல் உருண்டு வரும்.

அச்சும் காய்வதும்: நான் விழுந்த இடம்

ஈரக் கூழ் காயும்போது சுருங்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் முதல் கிண்ணத்தைத் தொலைத்தேன்.

எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, வெளிப்பக்கம் கூழைத் தட்டி, மே மாத மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. சந்தோஷமாக இழுத்தேன். சுவர் மட்டும் கையோடு வந்தது, அடிப்பாகம் கிண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டது. மேல் தோல்தான் காய்ந்திருந்தது. எவர்சில்வரை ஒட்டிய உள்பக்கத்துக்குக் காற்றே போகவில்லை, அங்கே இன்னும் களி. போதாததற்கு வெளிப்பக்கம் சுருங்கி அச்சை இறுக்கிப் பிடித்திருந்தது.

இரண்டாவது தடவை ஐப்பசி மழை. வெயில் இல்லை, அறைக்குள்ளேயே வைத்தேன், அச்சிலிருந்து எடுக்கவும் பயம். ஐந்தாம் நாள் உள்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை.

இரண்டு தோல்விக்கும் காரணம் ஒன்றுதான் என்று அப்புறம்தான் உறைத்தது: தண்ணீர் வெளியேற ஒரு பக்கம்தான் வழி விட்டிருந்தேன். ஆச்சி மண்பானையைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத் துணி போர்த்தி, அதன் மேல்தான் தட்டுவாள் என்று அம்மா பிறகு சொன்னாள். மண்பானையும் துணியும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கேட்டால், "நீ கேட்கவே இல்லையே" என்கிறாள்.

இப்போது நான் செய்வது இப்படி. அச்சுக்குச் சோறு வடிக்கும் ஓட்டைத் தட்டு. உள்ளே குழிவாக, உடம்பெல்லாம் துளையாக இருக்குமே, அது. இதைவிட நல்ல அச்சை நான் பார்க்கவில்லை. ஓட்டை வழியாக உள்பக்கமும் காற்றுப் போகும். அது இல்லாதவர்கள் மண்சட்டியோ மூங்கில் கூடையோ எடுத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்து, நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போர்த்துங்கள். சுருக்கம் இருந்தால் அது அப்படியே கிண்ணத்தின் உள்ளே பதியும். பிளாஸ்டிக் கவர் போடலாமா என்று கேட்காதீர்கள், பழைய கதைதான் ஆகும்.

கூழை உச்சியில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு, வரட்டி தட்டுவது போல மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். அடை கனம் இருந்தால் சரி. தோசை கனம் என்றால் நெளியும், வரட்டி கனம் என்றால் காயவே காயாது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தடிப்பாக விட்டு, கட்டை விரலால் நீவி விடுங்கள். உடைவதெல்லாம் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும்.

முதல் நாள் நிழலில், காற்றோட்டமான இடத்தில். நேர் வெயில் வேண்டாம். இரண்டாம் நாள் வெளிப்பக்கம் ஈரம் போய்த் தோல் மாதிரி ஆனதும், முழுக்கக் காயும் முன்பே, துணியோடு சேர்த்து அச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். மெதுவாகத் திருகினால் வந்துவிடும். பிறகு துணியை நடுவிலிருந்து ஓரம் பார்த்து உரியுங்கள். கிண்ணம் இந்த நேரத்தில் கொஞ்சம் நெகிழ்வாகத்தான் இருக்கும். கோணலாகியிருந்தால் கையாலேயே சரி செய்யலாம், அதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

இனி வெயிலில் வைக்கலாம். காலையில் நிமிர்த்தி, மதியம் கவிழ்த்து. மூன்று நாள். காய்ந்ததா என்று பார்க்க அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தட்டினால் 'டொக்' என்று கேட்க வேண்டும், 'தொப்' என்று கேட்டால் இன்னொரு நாள்.

வாய் குறுகிய குடம் மாதிரி உருவம் செய்ய ஆசைப்பட்டால் அச்சு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காஷ்மீர்க் கைவினைஞர்கள் காய்ந்த கூட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்து எடுத்து, மறுபடி ஒட்டி, இழைத்து, அதன் மேல் ஓவியம் வரைகிறார்கள். நான் பலூன் மேல் தட்டி, காய்ந்த பின் ஊசியால் குத்திவிடுகிறேன். கௌரவமான வழி இல்லைதான், ஆனால் வேலை ஆகிறது.

வண்ணம்

ஒன்றும் பூசாவிட்டாலும் அந்தப் பழுப்புச் சாம்பல் நிறம் எனக்குப் பிடிக்கும். வண்ணம் வேண்டுமென்றால் உப்புத்தாளால் தேய்த்து, ஃபெவிகாலும் சாக்கட்டித் தூளும் தண்ணீரில் குழைத்து ஒரு பூச்சு, அதன் மேல் போஸ்டர் கலர், கடைசியில் வார்னிஷ். மகள் இந்தக் கூழில் குட்டி மாம்பழம், கத்தரிக்காய், பூசணிக்காய் எல்லாம் உருட்டிக் கொலுவுக்கு ஒரு காய்கறிக் கடையே போட்டுவிட்டாள். கொலு பொம்மையிலும் காகிதக் கூழ் பொம்மை உண்டு. எடை குறைவு, மேல் படியில் ஏற்றி வைக்கத் தோதானது. புதுச்சேரிப் பக்கம் திருக்கனூரின் காகிதக்கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்த வழவழப்பெல்லாம் நமக்கு வராது, கவலைப்படாதீர்கள்.

கேள்விகள் வந்தபடியே இருப்பதால்

இதில் சாப்பாடு வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாளிதழில் உணவு பொட்டலம் கட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-இல் அறிவுறுத்தியது, காரணம் அச்சு மை. ஆச்சி மிளகாய் வற்றல் வைத்தாளே என்றால், வைத்தாள்தான், நான் வைப்பதில்லை. சாவி, பேனா, நூல்கண்டு, ஊக்கு, காது வளையம் இதற்கெல்லாம் சரி.

கிண்ணத்தில் வெந்தய வாசனை போகவே இல்லை என்று ஒரு சகோதரி வருத்தப்பட்டிருந்தார். பத்து நாளில் குறையும். மழைக்காலத்தில் லேசாகத் திரும்ப வரும், அப்போது ஒரு நாள் வெயில் காட்டுங்கள். அதுவும் பிடிக்காதென்றால் இரண்டு பக்கமும் வார்னிஷ்.

மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் சின்னதாக, டம்ளர் அளவில் செய்யுங்கள். மின்விசிறிக்கு அடியில் கம்பி வலை மேல் வைத்தால் காய்ந்துவிடும். பூஞ்சை வந்துவிட்டால் துடைத்து வைத்துக்கொள்ளாமல் தூக்கிப் போடுங்கள்.

இன்னொருவர் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி: ஓட்டை விழுந்த பழைய முறத்தில் இந்தக் கூழைப் பூசலாமா? எங்கள் ஊர்ப் பக்கம் சுளகு என்போம். தாராளமாகப் பூசலாம், ஆச்சி காலத்தில் இந்தக் கூழுக்கு முக்கிய வேலையே அதுதான். கூழை இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்து, வெந்தயத்தை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். சுளகைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு முதலில் பின்பக்கம் பூசிக் காய விடுங்கள், மறுநாள் முன்பக்கம். இரண்டையும் ஒரே நாளில் பூசினால் ஈரத்தில் மூங்கில் வளைந்துவிடும். நான் பூசியதில் இடது ஓரம் இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. அம்மா அதில்தான் இப்போது அரிசி புடைக்கிறாள், பேப்பர் பூச்சின் மேல் ஒரு பழைய துணியை விரித்துவிட்டு.