மண்டை ஓட்டு ஆபரேஷன்: கூட இருப்பவருக்கு ஒரு தையல்காரியின் குறிப்புகள்

என் வீட்டுக்காரரின் தலையில் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பு இல்லாமலே ஐந்து மாதம் ஓடியது. பைக் விபத்து. அடிபட்ட மூளை வீங்கியதும், அதற்கு இடம் கொடுக்க அன்றிரவே மண்டை ஓட்டில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பெயர் கிரானியெக்டமி. வீக்கம் வடிந்த பிறகு அந்த இடத்தைத் திரும்ப மூடுவது கிரானியோபிளாஸ்டி. இரண்டு பெயரும் காதில் ஒன்றுபோலத்தான் விழும். யாராவது வேகமாகச் சொன்னால், "எடுக்கிறதா, மூடுகிறதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் ஒரு மாதம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் தையல் வேலை செய்பவள். ஆபரேஷன் டாக்டர் பாடு; இங்கே எழுதுவது கூட இருப்பவர் பாடு. "இரண்டாவது ஆபரேஷன் அவ்வளவு அவசரமில்லை" என்பார்கள். சரிதான். ஆனால் நடுவில் கிடக்கிற மாதங்களில் அந்தத் தலையைத் தினமும் பார்ப்பது நீங்கள்தான்.

எடுத்த எலும்பு எங்கே?

ஐ.சி.யூ. பதற்றம் கொஞ்சம் அடங்கியதும் முதலில் கேட்க வேண்டியது இது. வழக்கமாக இரண்டில் ஒன்று செய்வார்கள். மைனஸ் 80 டிகிரி வரை குளிரூட்டும் ஃப்ரீசரில் எலும்பைப் பத்திரப்படுத்துவார்கள். அல்லது நோயாளியின் வயிற்றிலேயே தோலுக்கு அடியில் ஒரு பை மாதிரி செய்து உள்ளே வைத்துத் தைப்பார்கள். வயிற்றில் வைத்திருந்தால் அங்கேயும் ஒரு தையல் இருக்கும், அதையும் கவனிக்க வேண்டும். எலும்பு தூள் தூளாக நொறுங்கியிருந்தாலோ அழுக்குப் பட்டிருந்தாலோ வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவருடைய எலும்பு ஃப்ரீசரில் இருந்தது. நடுவில் நாங்கள் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினோம். மூன்று மாதம் கழித்து எலும்பைக் கேட்டால், வைத்திருக்கும் கெடு முடிந்துவிட்டது, அப்புறப்படுத்தியாயிற்று என்றார்கள். கெடு உண்டு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: எங்கே இருக்கிறது, எதுவரை இருக்கும், வேறிடம் போனால் யாரிடம் கேட்டு வாங்குவது. பதிலை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

எலும்பில்லாத தலையோடு வீட்டில்

படுக்கைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: "வலது பக்கம் எலும்பு இல்லை." ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து வீட்டிலும் ஒட்டினேன். பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் தலையைத் தடவத்தான் கை நீட்டுவார்கள். அந்தத் தாள் எனக்குப் பதிலாக நூறு தடவை பேசியது.

கட்டிலை விட்டு இறங்கினால் ஹெல்மெட். இரண்டே அடி தள்ளியிருக்கிற பாத்ரூமுக்கும் ஹெல்மெட்தான்; விழுவது அங்கேதான். வண்டி ஓட்டுகிற ஹெல்மெட் இதற்கு ஆகாது. கனம் குறைவாக, உள்ளே மெத்தென்று, எலும்பில்லாத இடத்தை அழுத்தாமல் இருக்க வேண்டும். உள் துணி வியர்வையில் ஊறும். நான் பருத்தித் துணியில் கழற்றி மாட்டுகிற உறை நாலு தைத்து, தினம் ஒன்றாக மாற்றினேன். படுக்கும்போது அந்தப் பக்கம் சாய விடாதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை நெட்டுக்கு வைத்தால் புரள மாட்டார். தலைப்பக்கம் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். முதலில் எங்களுக்கு 30 டிகிரி என்றார்கள், பிறகு மாற்றினார்கள்.

அந்த இடத்தில் தோல் லேசாகத் துடிப்பது தெரியும். இருமினாலும் முக்கினாலும் புடைக்கும், உட்கார்ந்தால் உள்வாங்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அது இயல்பு. எந்த நிலையில் இருந்தாலும் இறங்காமல் விம்மி, கெட்டியாக நிற்பதுதான் இயல்பில்லாதது. மூளைக்குள் நீர் கோத்திருக்கலாம், கிருமி இருக்கலாம். உடனே கூட்டிப் போங்கள்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. மாதம் ஆக ஆகத் தோல் பள்ளமாக உள்ளே இறங்கும். சிலருக்கு அதோடு தலைவலி, தலைசுற்றல், ஒரு பக்கம் பலம் குறைவது, பேச்சு குழறுவது, மந்தமாவது எல்லாம் சேர்ந்து வரும். அடையாளம் இதுதான்: உட்கார்ந்தால் மோசம், படுத்தால் தேவலை. தலையிலிருந்து வயிற்றுக்கு நீர் இறக்குகிற ஷன்ட் குழாய் வைத்தவர்களுக்குப் பள்ளம் இன்னும் அதிகமாக விழலாம்.

இது ஒரே நாளில் வருவதில்லை, அதனால் தினமும் பார்ப்பவருக்கே தெரியாமல் போய்விடும். எனக்குக் காட்டிக்கொடுத்தது சட்டை பட்டன். மூளையில் வலது பக்கம் அடி என்பதால் அவருக்கு இடது கை தளர்ந்திருந்தது. பிசியோதெரபிக்காரர் சொன்னபடி தினமும் காலையில் உட்கார்ந்து ஆறு பட்டன் போட வைத்து, எடுக்கிற நேரத்தை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவந்தேன். ஒன்பது நிமிடத்தில் தொடங்கி மூன்றுக்கு இறங்கியது. நாலாவது மாதம் நாலு, ஐந்து, ஏழு என்று ஏறியது. சோம்பல் என்று நினைத்து அவரைக் கடிந்துகூடக் கொண்டேன். அப்புறம் ஒருநாள் படுத்தபடியே போடச் சொன்னேன்: மூன்றரை. நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது ஸ்கேனை இல்லை, நோட்டைத்தான். மூடுகிற ஆபரேஷன் தேதியை முன்னால் இழுத்தார்.

உங்கள் வீட்டில் பட்டனாக இருக்க வேண்டியதில்லை. பேப்பரில் ஒரு பத்தி வாசிப்பது, பத்தடி நடப்பது, எதுவானாலும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே நாற்காலி. வாரம் ஒரு போட்டோவும் அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பள்ளத்தை அளக்கிறேன் என்று டேப்பை வைத்துவிடாதீர்கள். நான் வைக்கப் போய் நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எப்போது, எதை வைத்து?

பொதுவாக ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மூடுகிறார்கள். வீக்கம் வடிந்திருக்க வேண்டும், பழைய காயம் ஆறியிருக்க வேண்டும், உடம்பில் எங்கேயும் கிருமி இருக்கக் கூடாது. இந்தக் கடைசிதான் ஆளைப் படுத்தும். சிறுநீரில் கிருமி, நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், சொத்தைப் பல் எது இருந்தாலும் தள்ளிப் போடுவார்கள். எங்களுக்கு முதலில் குறித்த தேதி சிறுநீர்க் கிருமியால் போனது. தலைக் காயத்திலேயே சீழ் வைத்திருந்தால் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சொந்த எலும்பு இருந்தால் பெரும்பாலும் அதுதான் முதல் விருப்பம். அளவு எடுக்க வேண்டாம், அச்சாகப் பொருந்தும். ஆனால் திரும்ப வைக்கும்போது அது உயிரில்லாத எலும்பு. ஓரங்களிலிருந்து புது எலும்பு மெல்ல ஊர்ந்து அதைப் பிடிக்க வேண்டும். சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, பிடிப்பதற்குள் கரைந்துவிடும். மறுபடி ஆபரேஷன் வரும்.

இல்லாவிட்டால் செயற்கைதான். எலும்பு சிமெண்ட் என்கிற அக்ரிலிக்கை மேஜையிலேயே பிசைந்து வடிவம் பிடிக்கலாம், செலவும் குறைவு. இறுகும்போது சூடு கக்கும் என்பதால் நீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். டைட்டானியம் தகடு உறுதியானது, மெல்லியது. பீக் என்கிற பிளாஸ்டிக் வகை கனமில்லாதது, ஸ்கேனில் நிழல் அடிக்காது, ஆனால் எலும்போடு ஒட்டி வளராது. ஹைட்ராக்சி அபடைட் எலும்பின் தாதுவையே ஒத்தது, கொஞ்சம் நொறுங்கும் குணம். எதை வைத்தாலும் கிருமி தொற்றினால் எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்க நேரலாம். கையெழுத்துப் போடும் முன் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கென்று தகடு செய்வதாக இருந்தால் மெல்லிய வெட்டுகளாக சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். நல்ல பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி, கெட்ட பக்கத்தை நிரப்பி வடிவம் எடுக்கிறார்கள். ஒரு கைக்கு வெட்டிய காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறு கைக்கு நான் வெட்டுவது போலத்தான். எங்களுக்கு டைட்டானியம். எனக்கு இருந்த ஒரே கவலை தோல். கெட்டியான விளிம்பின் மேல் இழுத்துத் தைத்த துணி அந்த மடிப்பில்தான் முதலில் நைந்துபோகும். டாக்டரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை; மெல்லிய தோலாக இருந்தால் தகட்டின் விளிம்பு வெளியே தெரிய வாய்ப்பு உண்டு, அதனால்தான் தோலின் தடிமனையும் பார்க்கிறோம் என்றார்.

இந்த ஒட்டுப் போடுகிற ஆசை பழையது. 1668-இல் வெளிவந்த புத்தகத்தில் யோப் வான் மேக்கெரன் என்ற டச்சு அறுவை மருத்துவர், ஒரு ரஷ்யருடைய மண்டையை யாரோ நாயின் எலும்பை வைத்து மூடியதாக எழுதியிருக்கிறார். நாய் எலும்பு என்று தேவாலயம் அந்த ரஷ்யரை ஒதுக்கிவைக்க, எடுத்துவிடுங்கள் என்று அவர் திரும்ப வந்தாராம். எடுக்க முடியாதபடி அது கூடிவிட்டிருந்ததாம். எடுக்க வராத தையல்தான் நல்ல தையல்.

ஆபரேஷன் நாள்

ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையை அன்று காலை கொடுக்கலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். பல சமயம் ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும், புகை அறவே வேண்டாம், இரண்டும் காயம் ஆறுவதைக் கெடுக்கும். வீட்டிலேயே பிளேடு போட்டு மழித்துக் கூட்டிப் போகாதீர்கள். பிளேடு கீறிய இடத்தில் கிருமி நுழையும். அங்கே மெஷின் போட்டு வெட்டிக்கொள்வார்கள்.

உள்ளே மூன்றரை மணி நேரம் ஆனது. தகடு வைக்கவா இவ்வளவு நேரம் என்று கேட்டேன். நேரம் அதற்கில்லை, பழைய வடுவிலேயே திறந்து, மூளையின் உறையோடு ஒட்டிப்போன தோலையும் தசையையும் உறை கிழியாமல் பிரித்தெடுப்பதுதான் வேலையாம். பழைய தையலைப் பிரிப்பது புதிதாகத் தைப்பதைவிட எவ்வளவு பொறுமை கேட்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் சின்னச் சின்னத் திருகாணிகளால் தகட்டை ஓரத்தில் பிணைத்து, நடுவில் உறையைத் தகட்டோடு ஒரு தையல் போட்டுத் தூக்கி நிறுத்துகிறார்கள், இடைவெளியில் ரத்தம் தேங்காமல் இருக்க. வெளியே வரும்போது தோலுக்கு அடியில் தேங்குவதை வடிக்கிற ஒரு ட்ரெயின் குழாய் இருக்கும். ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு

இரண்டாம் மூன்றாம் நாள் அந்தப் பக்கத்துக் கண் வீங்கி மூடிக்கொண்டால் அலறாதீர்கள். நெற்றி வீக்கம் கீழே இறங்குகிறது, வடிந்துவிடும். அலற வேண்டியவை வேறு: எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, கை கால் புதிதாகத் தளர்வது, வலிப்பு, காய்ச்சல், தையலிலிருந்து சீழோ தெளிந்த நீரோ கசிவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தையலோ பின்னோ பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் பிரிப்பார்கள். வடுவைச் சுற்றி மரத்துப் போயிருக்கும், பிறகு அரிக்கும்; சொறிய விடாதீர்கள். தொப்பி போடுவதானால் உள் மடிப்பு வடுவில் உரசாததாகப் பாருங்கள். எலும்பு சரியாக மூடியும் பொட்டுப் பக்கம் குழி விழுந்தால் அது தகட்டின் குறையில்லை, அங்கே இருந்த தசை சுருங்கியது. சொந்த எலும்பு வைத்தவர்களுக்கு மாதங்கள் கழித்துப் புதிதாகப் பள்ளமோ அசைவோ தெரிந்தால் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

தகட்டின் ஸ்டிக்கர், அது என்ன பொருள், என்றைக்கு வைத்தது என்கிற விவரத்தை வாங்கி வையுங்கள். டைட்டானியம் காந்தத்தில் இழுபடாது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனாலும் எடுப்பவரிடம் முதலிலேயே காட்ட வேண்டும். நான் அதை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பட்டன் கணக்குக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். எல்லாருக்கும் கை இப்படித் திரும்பும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் முடியாது. ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம், உட்கார்ந்தபடி, ஆறு பட்டன்: இரண்டு நிமிடம் பத்து வினாடி. மேல் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். நான் திருத்தவில்லை.