ஸ்கேனில் வந்தது மட்டுமே நெட்வொர்க் அல்ல: கண்காணிப்பில் சாதனம் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பக்கம் இப்போது சின்ன இடத்து நெட்வொர்க்கிலும் இருபது முப்பது சாதனங்கள் சாதாரணமாக வந்துவிடுகின்றன. கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பழைய வீடு என்றால், சுவரின் கனத்துக்கு வைஃபை ஒரு கட்டுக்கு (வீட்டின் ஒரு பகுதிக்கு) மேல் போகாது. முகப்புக்கு ஒன்று, முற்றம் சூழ்ந்த வளவுக்கு ஒன்று, இரண்டாம் கட்டுக்கு ஒன்று என வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் (ஏபி) வைத்தே ஆக வேண்டும். புதுவயல் அரிசி ஆலையில் எடைமேடைக் கணினி, அலுவலகப் பிரின்டர், களத்தைப் பார்க்கும் கேமராக்கள். ஆண்டில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பத்தார் பார்ப்பதற்காகக் கேமராவும் ரௌட்டரும். எது எப்போது நின்றது என்று தெரிந்துகொள்ள ஜாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ் போன்ற கட்டணமில்லாத மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை நிறுவுவது பெரிய வேலை இல்லை. சாதனங்களைத் தேடிச் சேர்க்கும் கட்டத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

சறுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தானியங்கித் தேடலை ஓடவிட்டதும் வரும் பட்டியலை முழுப் பட்டியல் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில், அந்தக் கேள்விக்கு, எவையெல்லாம் பதில் தந்தன என்பதை மட்டுமே ஸ்கேன் சொல்லும். என்ன இருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

பதில் தராதவை

பிங் ("இருக்கிறாயா" என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பித் தேடினால், பயர்வால் தடுத்து வைத்திருக்கும் விண்டோஸ் கணினிகள் வராது. அணைத்து வைத்த பிரின்டரும் வராது. கேமராக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டியான என்விஆரின் பின்புறத்தில் உள்ள, மின்சாரமும் சேர்த்துத் தரும் பிஓஇ போர்ட்டுகளில் நேராகச் செருகிய கேமராக்கள், பல மாடல்களில் அந்தப் பெட்டிக்குள்ளேயே தனி ஐபி வரிசையில் இருக்கும். வெளியிலிருந்து ஸ்கேன் செய்தால் என்விஆர் ஒன்று மட்டும் தெரியும். எட்டு கேமரா இருக்கும் வீட்டில் ஒரே ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்து, எல்லாம் ஓடுகிறது என்று நினைப்பது ஆபத்து. அப்படிப்பட்ட இடத்தில் கேமராவின் நிலையை என்விஆரிடம்தான் கேட்க வேண்டும். கேமராவின் தொடர்பு அறுந்தால் என்விஆரே அறிவிப்பு அனுப்பும்படி அமைத்துக்கொள்ளலாம்.

நிர்வாக வசதி இல்லாத மலிவு சுவிட்சுக்கு ஐபி முகவரியே கிடையாது. எந்த ஸ்கேனிலும் அது வராது. ஆனால் இரண்டாம் கட்டு அலமாரிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி நின்றால், அதற்கு அப்பால் உள்ள அத்தனையும் ஒன்றாக விழும்.

இதற்கு வழி என்ன? பிங்கோடு நிறுத்தாமல், ரௌட்டரின் ஏஆர்பி அட்டவணையையும் (எந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு என்ற பட்டியல்), சுவிட்சின் மேக் முகவரி அட்டவணையையும் (எந்தப் போர்ட்டில் எந்தச் சாதனத்தின் வன்பொருள் முகவரி என்ற பட்டியல்) எடுத்துப் பாருங்கள். பிங்குக்கு வாய் திறக்காத சாதனமும் அண்மையில் போக்குவரத்து நடத்தியிருந்தால் அங்கே தடம் இருக்கும். சுவிட்சுகளில், பக்கத்துச் சாதனத்துக்குத் தன்னை அறிவிக்கும் எல்எல்டிபி இயக்கத்தில் இருந்தால் எந்தப் போர்ட்டில் எந்தச் சுவிட்ச் என்பதும் கிடைக்கும். அப்புறம், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு முகப்பிலிருந்து கொல்லை வரை நடந்து, கேபிள் போகும் வழியெல்லாம் பாருங்கள். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் வீடுகளில் இந்த நடையைத் தவிர்க்கவே முடியாது.

அகலமாக வலை வீசுவது

சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் ஐபி வரிசையின் அளவைச் சொல்லும்: ஒரு /24 வரிசையில் 254 முகவரிகள். "எதற்கும் இருக்கட்டும்" என்று /16 கொடுத்தால் 65,534. இருபது சாதனத்துக்காக அத்தனை முகவரிகளைத் தட்டிக்கொண்டிருப்பதில் நேரம் போவதோடு, பழைய சாதனங்கள் திணறவும் கூடும். எந்த வரிசை பயன்பாட்டில் இருக்கிறது என்று ரௌட்டரில் பார்த்து அதை மட்டும் கொடுங்கள். போர்ட் ஸ்கேனும் (சாதனத்தில் எந்தச் சேவை எண் திறந்திருக்கிறது என்ற தேடல்) சேர்த்துச் செய்பவர்கள் 9100 போர்ட்டை விட்டுவிடுவது நல்லது. சில பிரின்டர்கள் அந்தப் போர்ட்டில் வரும் எதையும் தாளில் அச்சடித்துவிடும். என்மேப் என்ற ஸ்கேன் கருவிகூட எந்தச் சேவை ஓடுகிறது என்று ஆராயும்போது இந்தப் போர்ட்டைத் தானாகவே தவிர்த்துவிடுகிறது.

எஸ்என்எம்பியில் வரும் குழப்பங்கள்

சாதனம் உயிரோடு இருக்கிறதா என்பதைத் தாண்டி, போக்குவரத்து எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று கேட்க வேண்டுமானால் பெரும்பாலும் சாதனத்திடம் நிலை கேட்கும் நெறிமுறையான எஸ்என்எம்பிதான். அதிக நேரத்தை விழுங்குவதும் இதுதான்.

முதலில், "பப்ளிக்" என்ற கம்யூனிட்டி சொல்லை (எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போன்றது) அப்படியே விட்டுவிடுவது. எந்தச் சாதனத்தில் முயன்று பார்ப்பவரும் முதலில் போடும் சொல் அது. எஸ்என்எம்பி பதிப்பு 2சியில் கம்யூனிட்டி சொல் எந்த மறைப்பும் இல்லாமல் கம்பியில் போகிறது. விருந்தினருக்கு வைஃபை கொடுக்கும் விடுதியில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதனம் ஏற்றுக்கொண்டால் பதிப்பு 3ஐ அடையாளச் சரிபார்ப்பு, மறைகுறியாக்கம் இரண்டோடும் போடுங்கள். பழைய சாதனமாக இருந்து 2சிதான் வழி என்றால், சொல்லை மாற்றி, படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, கண்காணிப்புச் சர்வரின் ஐபியிலிருந்து வரும் கேள்விக்கு மட்டும் பதில் தரும்படி பூட்டுங்கள். விருந்தினர் வைஃபையைத் தனி விஎல்ஏஎன்னில் (அதே கருவிகளில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) வைப்பதும் அவசியம்.

அடுத்தது, பதில் வராததன் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்வது. கம்யூனிட்டி சொல் தவறு என்றால் சாதனம் "தவறு" என்று சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். நமக்குத் தெரிவது, பதில் வராமல் நேரம் முடிந்தது (டைம்அவுட்) என்ற செய்தி மட்டும். சொல் தவறா, யுடிபி 161 போர்ட் பயர்வாலில் அடைபட்டதா, எஸ்என்எம்பி இயக்கப்படவே இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே அறிகுறிதான். பலர் இந்த இடத்தில் சாதனத்தையே குறை சொல்லிவிட்டுப் பிங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவசரப்படாமல், சாதனத்தின் விவரங்களை வரிசையாகக் கேட்கும் எஸ்என்எம்பிவாக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அதையும் கண்காணிப்புச் சர்வரிலிருந்தே ஓட்ட வேண்டும். உங்கள் மடிக்கணினியிலிருந்து பதில் வந்தது என்பதால் சர்வருக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் கணினியைச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் எஸ்என்எம்பி சேவையை நிறுவியதும் அது 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காது கொடுக்கும். வெளியிலிருந்து கேட்டால் பதில் வராது. அதைத் திறந்துவிட்ட பிறகும், பெயர், இயங்கும் நேரம் போன்ற அடிப்படை விவரம் மட்டும் வந்து நெட்வொர்க் போர்ட்டுகளின் விவரம் வராமல் போகலாம். காரணம், ஆரம்ப அமைப்பில், கேட்பவர் எந்த விவரங்களைப் பார்க்கலாம் என்ற எல்லையும் குறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு இடத்தையும் மாற்றினால்தான் வேலை முடியும்.

ஒரே சாதனம் பல பெயரில்

ஒரு ரௌட்டருக்கு நான்கு விஎல்ஏஎன்னிலும் முகவரி இருந்தால், ஸ்கேன் அதை நான்கு சாதனமாகச் சேர்த்துவிடலாம். அது நின்றால் நான்கு எச்சரிக்கை, அதன் போக்குவரத்தும் நான்கு முறை கணக்கில். நகரத்தார் கோயில் கணக்கில் ஆள்களை எண்ணாமல் திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணுவார்கள். இங்கேயும் முகவரிகளை விட்டுவிட்டுப் பெட்டியை எண்ண வேண்டும். சாதனத்தின் எஸ்என்எம்பி பெயர், வரிசை எண், மேக் முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். எல்லாச் சுவிட்சிலும் தொழிற்சாலைப் பெயரே இருந்தால் இந்த ஒப்பீடும் கெடும். அதனால் சேர்ப்பதற்கு முன்பே "வளவு-சுவிட்ச்", "முகப்பு-ஏபி" என்று இடத்தைச் சொல்லும் பெயரைச் சாதனத்திலேயே வையுங்கள். ராத்திரியில் எச்சரிக்கை வரும்போது எங்கே போவது என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

ஐபி முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி அதை மாற்றிக்கொண்டே இருந்தால், நேற்று பிரின்டராக இருந்த முகவரியில் இன்று யாருடைய கைப்பேசியோ இருக்கும். கண்காணிக்கும் சாதனங்களுக்கு ரௌட்டரில் முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல வீடுகளை, பல கிளைகளை ஒரே சர்வரில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: எல்லா இடத்திலும் 192.168.1 வரிசைதான். காரைக்குடி வீட்டு என்விஆரும் தேவகோட்டை வீட்டு என்விஆரும் ஒரே முகவரியில் நிற்கும். முடிந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வரிசை கொடுங்கள். முடியாவிட்டால் அந்தந்த இடத்தில், சர்வருக்காக விவரம் திரட்டித் தரும் ஜாபிக்ஸ் ப்ராக்ஸி ஒன்றை வைத்து, அங்கிருந்தே கேட்க வையுங்கள்.

கணக்குத் தப்பும் வரைபடம்

போக்குவரத்து வரைபடத்துக்காக 1 ஜிகாபிட் போர்ட்டை 32 பிட் எண்ணியால் (கவுன்டரால்) அளந்தால், முழு வேகத்தில் சுமார் 34 விநாடியில் எண்ணி நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவருக்கு அது எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாது. 64 பிட் எண்ணியைப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டை (எதை எப்படி அளப்பது என்ற முன்னமைப்பை) மென்பொருளில் தேர்ந்தெடுங்கள். எஸ்என்எம்பி பதிப்பு 1 அந்த எண்ணியைத் தராது.

மின்தடை நாள்

பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாள் நம் ஊர்களில் வழக்கம்தான். அன்று இன்வெர்ட்டர் இல்லாத சாதனங்கள் எல்லாம் விழும். தேடலில் காணாமல் போன சாதனத்தைத் தானாக நீக்கும்படி விதி வைத்திருந்தால், அன்றே அவற்றின் பழைய பதிவுகளும் போய்விடும். நீக்குவதை எப்போதும் கையால் செய்யுங்கள். தானியங்கி விதி புதியதைக் கண்டால் தெரிவிப்பதோடு நிற்கட்டும். சேர்ப்பதும் நீங்கள் பார்த்த பிறகு நடக்கட்டும்.

எதற்குப் பின்னால் எது இருக்கிறது என்ற சார்பையும் சேர்க்கும்போதே குறித்துவிடுங்கள். முகப்பு ரௌட்டர் நின்றால் ரௌட்டருக்கு மட்டும் எச்சரிக்கை வர வேண்டும், பின்னால் உள்ள இருபதுக்கும் அல்ல. இருபது செய்தி சேர்ந்து வந்து பழகியவர்கள் மெல்ல மெல்லப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

எல்லாம் சேர்த்தான பிறகு, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொரு முக்கியச் சாதனத்தின் கேபிளையும் பிடுங்கிப் பாருங்கள். எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில், யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீடாக இருந்தால் சிங்கப்பூரில் இருப்பவருக்கு மட்டும் போனால் போதாது. சாவி வைத்திருக்கும் காவலாளிக்கும் அது போக வேண்டும், அவர் படிக்கும்படி தமிழில்.