திருகோணமலையிலிருந்து மின்னணு நடன இசை: சொந்த ஒலியைக் கட்டும் முறை

மின்னணு நடன இசையைத் தனியாளாக ஆக்க இன்று ஒரு மடிக்கணினியும் ஒழுங்கான ஹெட்போனும் கைத்தொலைபேசியும் போதும். திருகோணமலையின் உப்புவெளியில் ஒரு சிறிய அறைக்குள் இருப்பவரும் பெர்லினில் இருப்பவரும் ஒரே மென்பொருளையும் முன்பே பதிவான ஒலித்துண்டுகளின் (சாம்பிள்) ஒரே தொகுப்புகளையும் பயன்படுத்த முடிகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது: கருவிகள் பொதுவாகிவிட்டதால், வெளிவரும் பாடல்களும் யாருடையவை என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்துப்போகின்றன. எந்த இடத்தில் வழமையைப் பின்பற்றலாம், எந்த இடத்தில் அதை விட்டு விலக வேண்டும் என்பதை வேலையின் ஒழுங்கிலேயே இங்கு விளக்குகிறேன்.

முதலில், மாற்ற வேண்டியதில்லாதவை. மின்னணு நடன இசையின் ஒரு வகையான ஹவுஸ் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 118 முதல் 130 அடிகள் வரையான வேகத்தில் நடக்கிறது. ஒவ்வோர் அடியிலும் கிக் எனும் தாழ்ந்த முரசொலி விழுகிறது. நான்கு அடிகள் ஒரு சுற்று; பகுதிகள் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு சுற்றுகளாக மாறுகின்றன. ஆடுபவரின் உடலுக்கும், ஒரு பாடலை அடுத்ததோடு இணைக்கும் டிஜேக்கும் இந்த ஒழுங்கு தேவைப்படுகிறது. இதைப் பின்பற்றுவது நகல் ஆகாது. வெண்பாவின் ஈற்றடி முச்சீராக வருவதால் எந்தப் புலவரும் இன்னொருவரைப் பார்த்து எழுதியவர் ஆகிவிடவில்லை. புதுமை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம்: ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பாஸ் கிட்டாருக்கு மாற்றாக விற்ற டிபி-303 கருவி அந்த வேலைக்குப் பொருந்தாமல் போய், பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்தது. அதைக் கையில் எடுத்த சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர், இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் அதன் ஃபில்டர் குமிழைத் திருகித் திருகி, 1987இல் ஆசிட் ஹவுஸ் என்ற புதிய வகைக்கு வழி திறந்தனர். நான்கு அடிக் கிக்கை அவர்கள் கைவிடவில்லை. தங்கள் கைக்கு வந்த பொருளின் ஒலியைத்தான் வேறு கண்ணோடு பார்த்தனர்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. இசையாக்க மென்பொருளான எல்எம்எம்எஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதே வகையான ரீப்பரை 60 நாள்கள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கலாம். ஒலியை உருவாக்கும் மென்கருவிகளான வைட்டல், சேர்ஜ் எக்ஸ்டி ஆகிய சிந்தசைசர்களுக்குப் பணம் தேவையில்லை. ஒரு மென்பொருளையும் ஒரு சிந்தசைசரையும் தெரிந்தெடுத்து, ஓராண்டுக்கு வேறொன்றையும் தரவிறக்காமல் இருப்பது என் பரிந்துரை.

ஒலிகளைச் சேகரித்தல்

வேலையின் பெரும்பகுதி இதுதான். திரும்பத் திரும்ப ஓடவிடும் ஆயத்த ஒலித்துண்டுகளான லூப்புகளைச் சட்டப்படி வாங்கியிருந்தாலும், அதே லூப்பை வாங்கிய ஆயிரம் பேரில் நீங்களும் ஒருவர். இரண்டு பேர் ஒரே லூப்பைப் பயன்படுத்தியதால் யூடியூப்பின் தானியங்கி முறை ஒருவருடைய பாடலை மற்றவருடையது என்று அடையாளப்படுத்துவதும் நடக்கிறது. சொந்தமாகப் பதிவுசெய்த ஒலியில் இந்தத் தொல்லை இல்லை.

கைத்தொலைபேசியின் பதிவுச் செயலியில் சுருக்கப்படாத வேவ் கோப்பு, 48 கிலோஹேர்ட்ஸ் என்று அமைத்துக்கொள்ளுங்கள். மிக உரத்த இடத்திலும் அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதிருக்கட்டும். அளவு மீறி உடைந்த ஒலியைப் பின்னர் சீராக்க முடியாது. ஒரே ஒலியை அருகிலிருந்து ஒருமுறையும் பத்தடி தள்ளி நின்று ஒருமுறையும் எடுங்கள். முதலாவது தாளத்துக்கும் இரண்டாவது பின்னணிக்கும் உதவும். நமது கடற்கரையில் பெரிய எதிரி காற்று. கச்சான் வீசும் மாதங்களில் பிற்பகலில் எடுக்கும் பதிவு பெரும்பாலும் இரைச்சலாகவே முடியும் என்பதால், விடியற்காலையில் போவதும், மைக்கின் மேல் தடித்த பஞ்சு உறை போடுவதும், உடலால் காற்றை மறைத்து நிற்பதும் பலன் தரும். மாரி காலத்தில் வெளியே போகாமல், சேர்த்தவற்றை வெட்டி ஒழுங்குபடுத்தலாம்.

எந்த ஒலிகள்? அலையோசையை எல்லோரும் எடுப்பார்கள், அதை விட்டுவிடுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளி நீரைத் தலையில் ஊற்றும்போது கல்தரையில் சிதறும் சத்தத்தில் உயர் அதிர்வெண்கள் நிறைந்திருக்கின்றன. 100 மில்லிசெக்கனுக்குக் குறைவாக வெட்டினால் அது ஹைஹெட் எனும் தாளத்தட்டு ஒலிக்கு நல்ல மாற்றாகும். கிண்ணியாப் பாலத்தில் வாகனங்கள் கடக்கும்போது இணைப்புகளில் எழும் இரட்டைத் தட்டல் ஒரு தாளத் துணுக்கு. கோட்டைப் பகுதியிலும் கடற்படைத் தளத்தின் அருகிலும் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். அவை பாதுகாப்புப் படையினர் இருக்கும் இடங்கள், விளக்கம் சொல்வதிலேயே நாள் போய்விடும். கோணேசர் கோயிலில் பூசை நேரத்து மணியோசையையும் மேளத்தையும் பதிவுசெய்ய விரும்பினால், முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

மீன்பிடிப் படகின் இயந்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்குள் ஒரு சுரமே இருக்கிறது. இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், செக்கனுக்கு 50 சுழற்சிகள். சுழற்சி ஒன்றுக்கு ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிப்பதால் செக்கனுக்கு 100 அதிர்வுகள், அதாவது 100 ஹேர்ட்ஸ். பியானோவில் ஜி சுரம் 98 ஹேர்ட்ஸில் இருக்கிறது. எனவே அந்த இரைச்சலிலிருந்து சீராக ஓடும் இரண்டு செக்கன் துண்டை எடுத்து, 35 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்) அளவு இறக்கினால் ஜி கிடைக்கும். மேலும் ஓர் ஓக்டேவ் இறக்கினால் 49 ஹேர்ட்ஸில் பாஸ் கிடைக்கும். வேறு வேகத்தில் ஓடும் இயந்திரத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அல்லது கிட்டார் சுருதி பார்க்கும் செயலியை அதன்முன் பிடியுங்கள். பாடலின் ஆதார சுருதியை அந்தப் படகே தெரிவுசெய்யட்டும். அந்தத் துண்டை, ஒலித்துண்டுகளைச் சுரங்களாக இசைக்கவிடும் சாம்பிளரில் ஏற்றி, தாழ்நிலை ஃபில்டரால் மேல் ஒலிகளை மறைத்து, பின்னர் மெல்லமெல்லத் திறந்துகொண்டு போனால், கொட்டியாரக் குடாவிலிருந்து படகு நெருங்கி வருவதுபோன்ற எழுச்சி எந்த ஆயத்தத் தொகுப்பும் இல்லாமலே அமையும்.

தாளத்தின் உள்ளே

சொந்த ஒலிகளை வைத்துக்கொண்டு பழைய அச்சிலேயே அடுக்கினால் பயன் பாதிதான். நாதஸ்வர மெட்டு ஒன்றை ஆயத்த பீட்டின்மேல் ஒட்டிவிட்டு அதைத் தனித்துவம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இராகங்களை டிஸ்கோத் தாளத்தின்மேல் வாசிப்பதை மும்பையின் சரண்ஜித் சிங் 1982இலேயே டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 ஆகியவற்றைக் கொண்டு செய்து முடித்துவிட்டார். நமது தாள அறிவு மெட்டுக்கு அடியில், அடிகளின் பங்கீட்டில் இறங்க வேண்டும்.

ஒரு பயிற்சி. 124 வேகத்தில் நான்கு அடிக் கிக்கை வையுங்கள். ஒரு சுற்றுக்குப் பதினாறு சிற்றடிகள். தவில்காரர் ‘தகிட தகதிமி’ என்று ஏழாகச் சொல்வதை, கன்னியாவின் நீரொலியும் பாலத்தின் தட்டலும் கொண்டு ஏழு சிற்றடிகளில் அமைத்து, கிக்கைப் பொருட்படுத்தாமல் சுழலவிடுங்கள். பதினாறுக்கும் ஏழுக்கும் பொது மடங்கு 112. ஆகவே இரண்டும் ஏழு சுற்றுகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரைச் செக்கனுக்கு ஒருமுறை ஒன்றாகத் தொடங்குகின்றன. ஆடுபவரின் கால் கிக்கோடு நிற்கும். தோள்கள் மற்றதைத் தேடும். ஆனால் எட்டுச் சுற்றுப் பகுதிக்கு ஏழு ஒத்துவராது என்பதால், எட்டாவது சுற்றில் ஏழின் சுழற்சியை நிறுத்தி, ஒரு முத்தாய்ப்பை எழுத வேண்டியிருக்கும். நிறுத்துவதா, தொடரவிடுவதா, எதைக் கொண்டு முடிப்பது என்ற இந்தத் தெரிவுகளில்தான் பாடல் உங்களுடையதாகிறது. ஐந்தைக் கொண்டும் செய்து பாருங்கள். மூன்று பலரும் பயன்படுத்தித் தேய்ந்தது.

உயிருள்ள வாசிப்பைப் பதிவுசெய்யும்போது தவில்காரரின் காதில் மெட்ரோனோமைத் திணிக்காதீர்கள். அவரை அவர் நடையில் வாசிக்கவிட்டு, அந்த நடைக்கு மென்பொருளின் வேகத்தை இசைவாக்குங்கள். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலுக்கும் இதுவே பொருந்தும். பாடியபடி இழுப்பவர்கள் கிடைத்தால், இழுவையின் வேகத்தை முதலில் எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பது இழுவை என்றால், இழுவைக்கு நான்கு அடிகளாக 120 வேகம் தானாகவே வந்துவிடுகிறது. முன்னால் பாடுபவரின் குரலுக்கும் மற்றவர்கள் திரும்பச் சொல்வதற்கும் இடையிலுள்ள வெளியைச் சுருக்கிவிடாதீர்கள். அங்கே கிக்கை மட்டும் வைத்தால் போதும்.

உரிமையும் பெயரும்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பு உருவான கணத்திலிருந்தே பாதுகாப்புப் பெறுகிறது, பதிவுசெய்ய வேண்டியதில்லை, ஆக்கியவரின் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள் அது நீடிக்கிறது. உங்களைக் காக்கும் சட்டமே மற்றவரையும் காக்கிறது. திரைப்பாடலின் குரலை வெட்டிக் கலியாண மேடையில் ஒலிக்கும் ரீமிக்ஸை உங்கள் பெயரில் வெளியிட முயன்றால், இசையமைப்பின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை என்ற இரண்டும் குறுக்கே நிற்கும். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அச்சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. பழைய பாடலுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று எண்ணி விற்பனைக்கு எடுத்துவிடக் கூடாது. பாடுபவர், தவில்காரர் ஆகியோரிடம் பதிவு எதற்கு, பணம் எவ்வளவு, பிற்கால வருமானத்தில் பங்கு உண்டா என்பவற்றைத் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். இதில் கூச்சப்படுகிறவர்கள்தான் பின்னர் முகம் பார்க்க முடியாமல் திரிகிறார்கள்.

கேட்டுப் பார்த்து வெளியிடுதல்

உங்களுக்குப் பிடித்த ஒரு பாடலை எடுத்து, எந்தச் சுற்றில் எது நுழைகிறது, எது விலகுகிறது என்பதைக் காகிதத்தில் எழுதுவது நல்ல பாடம். எழுதி முடித்ததும் அந்தப் பாடலை மூடிவிடுங்கள். ஒலி அளவை ஒப்பிட மட்டும், கலவையின் கடைசிக் கட்டத்தில் மீண்டும் திறக்கலாம்.

49 ஹேர்ட்ஸ் பாஸ் கைத்தொலைபேசியில் கேட்காது. நம்மவர்களோ பாடலை முதலில் கேட்பது அதில்தான். பாஸின் மேல் சிறிதளவு சாச்சுரேஷன் (மென்மையான ஒலித் திரிபு) சேர்த்தால் 98, 147, 196 ஹேர்ட்ஸில் துணை அதிர்வுகள் தோன்றி, அடிப்படைச் சுரம் இருப்பதாகவே காது எடுத்துக்கொள்ளும். பாஸைத் தவிர்ந்த வெளிப்பதிவுகள் எல்லாவற்றிலும் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிடுங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் காற்றும் கை அசைவும். கிக்கும் பாஸும் மோதினால் ஒன்றைத் தள்ளி வையுங்கள், இரண்டையும் உரக்க வைக்காதீர்கள். பிறகு ஓர் ஓட்டோவின் ஸ்பீக்கரிலும், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரின் பெரிய பெட்டியிலும் கேளுங்கள். பின்னையவரிடம் பகல் வேளையில், கருவிகளைச் சரிபார்க்கும்போது கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

ஸ்பாட்டிஃபை பாடல்களை ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துவதால், அங்கே உரத்த சத்தத்துக்காகப் பாடலை நசுக்குவதில் ஆதாயமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாதிருந்தால் போதும். டிஜேக்களுக்குத் தரும் பதிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் மட்டும் ஒலிக்கும் பதினாறு சுற்றுகளைச் சேருங்கள். விநியோகச் சேவையில் பதிவேற்றும்போது பங்களிப்பாளர் விவரத்தில் குரல், தவில் என்று ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் சொன்ன எழுத்திலேயே இடுங்கள். மூலப் பதிவுகளை இடம், நாள், பாடியவர் என்று பெயரிட்டு, கணினிக்கு வெளியே இன்னொரு வன்வட்டிலும் பிரதியெடுத்த பின்னரே வெளியீட்டு நாளைக் குறியுங்கள்.