முதியோர் இல்லம் தேடும்போது நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று சாயந்திரம்தான் நாங்கள் முதன்முதலாக முதியோர் இல்லம் தேட ஆரம்பித்தோம். அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து பத்து நாள். அம்மா இல்லை. தம்பி சிங்கப்பூரில், நான் சென்னையில், கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டிலோ மாடி ஏறித்தான் படுக்கையறை. இரண்டு மணி நேரத்தில் ஆறு இடத்துக்குப் போன் போட்டோம், ஆறு இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டோம்: மாசம் எவ்வளவு? குறைவாகச் சொன்ன இடத்தில், புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம், மறுநாளே சேர்த்துவிட்டோம். நாலாவது மாதம் அங்கிருந்து அழைத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

அதனால் இதைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். இன்றைக்கு இருக்கிற அப்பாவுக்கு இடம் பார்க்காதீர்கள், இன்னும் மூன்று வருஷத்தில் எப்படி இருப்பாரோ அந்த அப்பாவுக்குப் பாருங்கள். பணக் கணக்கும் அப்படித்தான்.

போனில் சொல்கிற மாதக் கட்டணம் பெரும்பாலும் தானே நடந்து, தானே குளித்து, தானே சாப்பிடுகிறவருக்கான கட்டணம். கைப்பிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டும் என்றால் ஒரு தொகை, படுத்த படுக்கை என்றால் இன்னொரு தொகை, மூக்கு வழியாகக் குழாய், சிறுநீர்க் குழாய் என்று வந்தால் நர்ஸ் செலவு தனி. கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டயப்பர் ஒன்று 35 ரூபாய், நாளைக்கு மூன்று என்றால் மாதம் 3,150. தனி அட்டெண்டருக்கு 8,000, மருந்து 3,000, பிசியோதெரபி வாரம் இரண்டு முறை, டாக்டர் வந்து பார்த்தால் ஃபீஸ், ஆம்புலன்ஸ் வாடகை. 20,000 என்று நினைத்தது 35,000-ஐத் தாண்டிவிடும். வருஷா வருஷம் ஏற்றுவார்கள், அதையும் கேளுங்கள். வருஷத்துக்கு 10 சதவீதம் என்றால் இன்றைய 25,000 ஐந்து வருஷத்தில் 40,000-ஐத் தாண்டும். எனவே கேட்க வேண்டியது மாசம் எவ்வளவு என்று மட்டும் அல்ல. "அப்பா படுக்கையில் விழுந்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா, அப்போது எவ்வளவு, எதெல்லாம் இந்தத் தொகைக்குள் வராது" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வது மேனேஜர் மாறினால் மாறிவிடும். ஜிஎஸ்டியையும் கேளுங்கள். வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயதானவர்களுக்கு, சாப்பாடு, தங்கல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை ஜிஎஸ்டி கிடையாது. லாபத்துக்கு நடத்துகிற இடம் என்றால், சொன்ன தொகையில் வரி அடக்கமா, மேலே வருமா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது. அப்பாவுக்கு ராத்திரியில் புத்தி கொஞ்சம் தடுமாறும், எழுந்து "ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று கதவைத் திறக்கப் போவார். இதைச் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து சொல்லாமல் விட்டோம். அந்த ஹோமில் ராத்திரி முப்பது பேருக்கு ஒரே ஆயா. ஒரு நாள் விடியற்காலையில் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றவரை பால்காரர் பார்த்துக் கூட்டிவந்து விட்டார். அவர்கள் எங்கள் மேல் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு மாதிரி ஏற்பாடு வேண்டும்: பூட்டு வைத்த வெளிக் கேட், ராத்திரியில் விழித்திருக்கிற ஆள், பழக்கம் உள்ள கை. டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே கொடுங்கள், மறதி, வலிப்பு, சுகர் இறங்குவது, படுக்கையில் சிறுநீர் போவது எதையும் மறைக்காதீர்கள். மறைத்துச் சேர்த்தால் அந்த ஆபத்தை அனுபவிப்பது உங்கள் அப்பாதான். மறுபடி இடம் மாற்றுவதில் வயதானவர்கள் எவ்வளவு குழம்பிப்போகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? நிறையப் பேர் "இன்சூரன்ஸ் இருக்கே" என்கிறார்கள். மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். ஓய்வுக்காகத் தங்குவது, குளிப்பாட்டி உடை மாற்றிவிடுகிற பராமரிப்பு, இதெல்லாம் பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கும், எடுத்துப் படியுங்கள். 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிற ஆயுஷ்மான் அட்டையும் (2024 அக்டோபரில் வந்தது) அப்படித்தான், உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டும். ஹோம் கட்டணத்துக்கு ஒரு ரூபாய் வராது. ஆனாலும் அட்டையைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். ஹோமில் இருக்கும்போது நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அப்போது உதவும், அந்த நாட்களிலும் கட்டில் வாடகை ஹோமில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மாதாமாதம் கட்ட நம்பகமான வருமானம் வேண்டும் என்றால், பென்ஷன் போக, தபால் நிலையத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பார்க்கலாம். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீத வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 என்ற கணக்கு. பணம் காலாண்டுக்கு வரும், ஹோம் பில் மாதாமாதம் வரும், அதனால் மூன்று மாதக் கட்டணத்தைச் சேமிப்புக் கணக்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். கையில் இருப்பதை எல்லாம் இதிலேயே போட்டுவிடாதீர்கள். முதல் வருஷத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் என்றால் அசலிலிருந்து ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள்.

வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் வாங்குகிற ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றியும் கேட்கிறார்கள். அது அந்த வீட்டிலேயே வாழ்கிறவர்களுக்கான கடன். நிரந்தரமாக ஹோமுக்குக் குடிபோய்விட்டால் கடனைத் திருப்பக் கேட்கலாம், தொடர்ந்து ஒரு வருஷம் வீட்டில் இல்லை என்றாலே நிரந்தரமாகப் போனதாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஹோம் கட்டணத்துக்காக அதை எடுப்பது நம் காலில் நாமே கோடாலி போட்டுக்கொள்வது. வாடகைக்கு விடுவது மேல். நாங்கள் கடைசியில் அதைத்தான் செய்தோம்.

வீடு என்றதும் இன்னொன்று. "எப்படியும் பையனுக்குத்தானே" என்று ஹோமுக்குப் போகிறதற்கு முன்பே தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிற பெற்றோர் நம் பக்கம் நிறைய. அதுதான் அவர்கள் கையில் இருக்கிற கடைசி வசதி. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை இருந்து, பிள்ளை கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். சொத்தைப் பெற்றோரிடமே ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

கையெழுத்து விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். "அம்மா பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்திருக்காங்க, நான் பார்த்துக்கறேன்" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்கு மனநிலை தவறிவிட்டால், அவரே முடிவெடுக்க முடியாத நிலை வந்துவிட்டால், நம் நாட்டுச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. மறதி நோயில் எப்போது அது மிகவும் தேவையோ அப்போதுதான் இல்லாமல் போகும். அப்புறம் கோர்ட்டில் காப்பாளராக நியமிக்கக் கேட்டு அலைய வேண்டும். புத்தி தெளிவாக இருக்கும்போதே சேமிப்புக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், நாமினி சரிபாருங்கள், உயில் எழுதச் சொல்லுங்கள். வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்ற விருப்பத்தையும் இரண்டு சாட்சி வைத்து நோட்டரி முன் எழுதி வைக்கலாம். கேட்கக் கஷ்டமான பேச்சுதான், ஆனால் அப்பா எங்களைவிடத் தெளிவாகப் பேசினார்.

நம் ஊருக்கே உள்ள சில சங்கதிகள். கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம், அரை மணி, முக்கால் மணி பஸ் பயணம்தான், ஆனால் அரசு வேறு. முதியோர் உதவித்தொகை, ரேஷன் எல்லாம் பழைய முகவரியில் இருக்கும்போது, ஹோம் சொல்கிறது என்று ஆதார் முகவரியை அவசரமாக மாற்றிவிடாதீர்கள், எது நின்றுபோகும் என்று முதலில் விசாரியுங்கள். மத்திய அரசு பென்ஷனுக்கு நவம்பரில் (80 வயதானால் அக்டோபரிலிருந்தே) வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும், இப்போது போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். ஹோமில் அதை யார் செய்வார்கள் என்று கேளுங்கள், பென்ஷன் நின்றால் கட்டணம் நிற்கும்.

கடலோரம் அழகாக இருக்கிறது என்று மயங்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்று கடலூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது, அப்புறம் பெண்ணையாற்று வெள்ளம். ஃபெஞ்சலில் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, படுக்கையாளர்களை எங்கே மாற்றினீர்கள், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். படுத்தவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக எத்தனை ஆள் இருக்கிறது என்பதும் கேள்விதான். ஈசிஆரில் சனி, ஞாயிறு டூரிஸ்ட் நெரிசலில் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய்ப் பாருங்கள்.

பார்க்கப் போவதையும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு முறை. வரவேற்பறை எல்லா இடத்திலும் பளிச்சென்றுதான் இருக்கும், டாய்லெட்டைப் பாருங்கள், கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமா. மூத்திர வாடை இருக்கிறதா. படுத்திருக்கிறவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டதற்கு நோட்டு வைத்திருக்கிறார்களா. மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சான்றைக் காட்டச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் சமூகநலத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. டெபாசிட் என்றால் இறந்துபோனால் எவ்வளவு, எத்தனை நாளில், யார் கையில் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் வரி வரியாகப் பாருங்கள்.

அண்ணன் தம்பிக்குள் யார் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகவாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலைகிறவரின் அலைச்சலையும் பங்காகச் சேருங்கள்.

கடைசியாக, அப்பாவிடமே கேட்காமல் விட்டது. முதல் தடவை நாங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இரண்டாவது ஹோமுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டபோது மூன்றே மூன்று சொன்னார்: காலை ஆறு மணிக்குக் காபி, கையில் தினத்தந்தி, ஜன்னல் பக்கத்துக் கட்டில். காபியும் பேப்பரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஜன்னல் கட்டில் காலியாக ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் நான் லீவு போட்டு மஞ்சக்குப்பத்திலேயே இருந்தேன், மாடியில் இருந்த அவர் கட்டிலைக் கீழே ஹாலுக்கு இறக்கிப் போட்டு.