அமெரிக்காவில் சொந்தமாக மருத்துவக் காப்பீடு வாங்குவது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

பெரிய நிறுவனத்தில் வேலையோடு அமெரிக்காவுக்கு வருபவருக்கு மருத்துவக் காப்பீடு பெரிய கவலையாக இருப்பதில்லை. நிறுவனமே பிரீமியத்தின் பெரும்பங்கைக் கட்டிவிடும். வேலை இழந்து அடுத்ததைத் தேடிக்கொண்டிருப்பவர், காப்பீடு தராத சிறு கன்சல்டன்சியில் ஒப்பந்தத்தில் இருப்பவர், சொந்தத் தொழில் செய்பவர், கிரீன் கார்டில் பெற்றோரை அழைத்து வந்திருப்பவர் ஆகியோர்தாம் சொந்தமாகக் காப்பீடு வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். இவ்வழிகாட்டி அவர்களுக்கானது. காப்பீடு இல்லாமல் சில மாதங்கள் ஓட்டிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு குடல்வால் அறுவைச் சிகிச்சை போதும், பல ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம், 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, பலரும் ஒபாமாகேர் என்று அழைக்கும் ஏசிஏ. இச்சட்டத்தின்படி விற்கப்படும் தனிநபர் காப்பீட்டில், உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்ற காரணங்களுக்காக நிறுவனம் உங்களை மறுக்கவோ கூடுதலாக வசூலிக்கவோ முடியாது. வயது, வசிக்கும் இடம், புகையிலைப் பழக்கம், எத்தனை பேருக்குக் காப்பீடு என்பவற்றோடு, தேர்ந்தெடுக்கும் பிளானின் வகையும் சேர்ந்துதான் பிரீமியத்தை நிர்ணயிக்கும். பிரசவம், மருத்துவமனைச் சேர்க்கை, மனநல மருத்துவம், மருந்துகள் முதலிய பத்து வகைச் சேவைகள் ஒவ்வொரு பிளானிலும் கட்டாயம் இருக்கும். தடுப்பூசிகளும் குறிப்பிட்ட சில பரிசோதனைகளும் நெட்வொர்க்குக்குள், அதாவது பிளானோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் மருத்துவர்களிடம், இலவசம்.

இந்தக் காப்பீட்டை வாங்கும் இடத்துக்கு மார்க்கெட்பிளேஸ் என்று பெயர். டெக்சஸ், புளோரிடா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் வசிப்பவர்கள் ஹெல்த்கேர் டாட் கவ் என்ற மத்திய அரசின் தளத்தில் வாங்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா, வாஷிங்டன், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட மாநிலங்களுக்குத் தனித் தளங்கள் உண்டு. கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரங்களில் பல, உங்கள் தொலைபேசி எண்ணை வாங்கி விற்பனையாளர்களிடம் கொடுப்பதற்கென்றே நடத்தப்படுபவை. ஆகவே அரசுத் தளத்துக்கு நேராகச் செல்லுங்கள். எச்1பி, எச்4, எல், எஃப்1 உள்ளிட்ட விசாக்களில் சட்டப்படி வசிப்பவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் இங்கே வாங்கலாம். விருந்தினர் விசாவில் வந்து செல்பவர்களுக்கு இது பொருந்தாது.

நினைத்த நாளில் வாங்க முடியாது என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. பொதுவான சேர்க்கைக் காலம் நவம்பர் 1 அன்று தொடங்குகிறது. முடியும் நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். டிசம்பர் 15க்குள் சேர்ந்துவிட்டால் ஜனவரி 1 முதல் காப்பீடு கிடைக்கும் என்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் காலத்துக்கு வெளியே வந்து இறங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்தல், வேலையோடு காப்பீட்டையும் இழத்தல், திருமணம், குழந்தை பிறத்தல் ஆகிய ஒவ்வொன்றும் 60 நாள் சிறப்புச் சேர்க்கைக் காலத்தைத் திறந்துவிடும். அந்த 60 நாளைத் தவறவிட்டால் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். எனவே வங்கிக் கணக்கு தொடங்கும் வாரத்திலேயே இதையும் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரை, நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94, வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்திருந்தால், கேட்கும்போது ஏற்றிவிடலாம்.

வேலை இழந்த எச்1பி நண்பர்களுக்குத் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், கோப்ரா என்ற ஏற்பாட்டின் கீழ் அதே காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து, மொத்தச் செலவில் 102 சதவீதம் வரை உங்களிடம் கேட்பார்கள். குடும்பத்தோடு இருப்பவருக்கு அது தாங்க முடியாத தொகையாக இருக்கும். இருந்தாலும், கோப்ராவைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு என்பதும், தேர்ந்தெடுத்து பாக்கி பிரீமியத்தைக் கட்டினால் பழைய காப்பீடு முடிந்த நாளிலிருந்தே அது செல்லும் என்பதும் பெரிய ஆறுதல். இடையில் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் புது வேலையின் காப்பீடு வந்துவிட்டால் ஒரு டாலரும் கட்ட வேண்டியதில்லை. இது அந்த 60 நாளுக்கு மட்டுமான பாதுகாப்பு. வேலை தேடல் நீளும் என்று தெரிந்தால் அதே அவகாசத்துக்குள் மார்க்கெட்பிளேஸில் சேர்ந்துவிட வேண்டும்.

பிரீமியம் அல்ல, ஆண்டுச் செலவு

பிளான்கள் பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். சராசரியாக மருத்துவச் செலவில் முறையே 60, 70, 80, 90 சதவீதத்தைக் காப்பீடு ஏற்கும் என்பது இதன் பொருள். நம்மில் பலர் மாதப் பிரீமியத்தை மட்டும் பார்த்து, பட்டியலில் முதலில் வரும் மலிவான பிரான்ஸை அழுத்திவிடுகிறோம். அழுத்துவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு பிளான்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது மாதம் 380 டாலர். டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குவதற்கு முன் உங்கள் கையிலிருந்து செலவழிய வேண்டிய தொகை, 7,500. அதன்பின் செலவில் 40 சதவீதம் உங்களுடையது. ஓராண்டில் உங்கள் கையிலிருந்து போகும் செலவுக்கான உச்சவரம்பு 10,000. இரண்டாவது மாதம் 520 டாலர், டிடக்டிபிள் 1,500, அதன்பின் 20 சதவீதம், உச்சவரம்பு 8,000. நோய்நொடி இல்லாத ஆண்டில் முதல் பிளான் 1,680 டாலர் மிச்சப்படுத்தும். அதே ஆண்டில் 20,000 டாலருக்கு ஒரு பித்தப்பை அறுவைச் சிகிச்சை வந்துவிட்டால், முதல் பிளானில் உச்சவரம்பைத் தொட்டு, பிரீமியத்தோடு சேர்த்து 14,560 டாலர் போகும். இரண்டாவதில் 11,440 டாலரோடு முடியும். குழந்தைப் பேற்றுக்குத் திட்டமிடும் தம்பதியருக்கும், தொடர் சிகிச்சையில் இருப்பவருக்கும் இரண்டாவது வகையே சிக்கனம். இளவயதில், சேமிப்பும் வைத்திருப்பவருக்கு முதல் வகை பொருந்தலாம். 2026 முதல் மார்க்கெட்பிளேஸின் பிரான்ஸ் பிளான்களோடு எச்எஸ்ஏ என்ற வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குக் கூடுதல் வசதி. சட்டம் அனுமதிக்கும் ஆண்டு உச்சவரம்பு 2026இல் தனிநபருக்கு 10,600 டாலர், குடும்பத்துக்கு 21,200 டாலர். ஆனால் இது நெட்வொர்க்குக்குள் இருக்கும் மருத்துவர்களுக்கு மட்டுமே செல்லும்.

நெட்வொர்க் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். எச்எம்ஓ, இபிஓ வகைப் பிளான்களில் அவசரச் சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு வெளியே போனால் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும். பிபிஓவில் வெளியே போகலாம், ஆனால் செலவு கூடும். உங்கள் மருத்துவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, நிறுவனத்தின் பெயரை மட்டுமன்றிப் பிளானின் முழுப் பெயரையும் சொல்லி, அதை ஏற்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரு பிளானை ஏற்கும் மருத்துவர் இன்னொன்றை ஏற்காமல் இருப்பது சாதாரணம்.

மருந்துகளையும் இப்படியே சரிபார்க்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பெற்றோரின் மாத்திரை அட்டையில் டெல்மா, கிளைகோமெட், தைரோநார்ம் என்றிருக்கும். பிளானின் மருந்துப் பட்டியலில் இந்தப் பெயர்களைத் தேடினால் ஒன்றும் வராது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப்பெயரைத் தேட வேண்டும்: டெல்மிசார்டன், மெட்ஃபார்மின், லெவோதைராக்சின். இவை எல்லாம் இங்கே மலிவான ஜெனரிக் மருந்துகள். ஆனால் நம்மூரில் சர்க்கரைக்கு எழுதித் தரப்படும் வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின் ஆகியவற்றுக்கும், ரத்த அழுத்தத்துக்கான சில்னிடிபினுக்கும் அமெரிக்காவில் அனுமதி இல்லை. எந்தக் காப்பீட்டிலும் அவை கிடைக்கா. இங்குள்ள மருத்துவர் மாற்று மருந்துக்கு மாற்றி, அது உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சில வாரங்களாவது ஆகும். அதற்கேற்ப மருந்தும், மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

மானியம் யாருக்கு

வருமானத்தைப் பொறுத்துப் பிரீமியத்தில் மத்திய அரசு வரிக்கழிவாக உதவுகிறது. 2021 முதல் நடப்பில் இருந்த கூடுதல் உதவி 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டதால், வறுமைக்கோட்டு அளவின் 400 சதவீதத்தைத் தாண்டினால் உதவி இல்லை என்ற பழைய விதி திரும்பியிருக்கிறது. 2026 காப்பீட்டுக்கு அந்த எல்லை தனிநபருக்கு 62,600 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 128,600 டாலர். எல்லைக்குச் சற்று மேலே நிற்பவர்கள் ஓய்வூதியக் கணக்கிலோ எச்எஸ்ஏவிலோ பணம் போட்டு, கணக்கிடப்படும் வருமானத்தைச் சட்டப்படியே குறைக்க முடியும். 250 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் சில்வர் பிளானை எடுத்தால் டிடக்டிபிளும் உச்சவரம்பும் தாமாகவே குறையும். இது வேறு எந்த வகைக்கும் கிடைக்காது.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் குடியேறிகளை நேரடியாகப் பாதிக்கிறது. 2027 ஜனவரி முதல், எச்1பி, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்கு இந்த மானியம் கிடைக்காது; காப்பீட்டை முழு விலையில் வாங்கலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மானியம் தொடரும். ஆனால் அவர்களிலும் வறுமைக்கோட்டு அளவுக்குக் கீழே வருமானம் உள்ளவர்கள், கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு நிறைவடையாததால், குறைந்த வருமானத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டும் பெற முடியாத நிலையில் இருந்தால், 2026 முதலே மானியத்தை இழந்துவிட்டார்கள். பெற்றோரை அழைத்து வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொந்த வருமானம் இல்லாத அம்மாவும் அப்பாவும் தனிக் குடும்பமாக விண்ணப்பித்தால் மானியம் இல்லை. நீங்கள் வரித்தாக்கலில் அவர்களைச் சார்ந்திருப்போராகக் காட்டத் தகுதியிருந்து காட்டினால், உங்கள் குடும்பத்தின் அளவும் வருமானமும் கணக்கில் வரும். வரி ஆலோசகரிடம் இதை முன்கூட்டியே பேசுங்கள். சில மாநிலங்கள் தம் சொந்த நிதியில் ஐந்தாண்டுக்குள்ளும் உதவுகின்றன என்பதால் உங்கள் மாநிலத்தின் விதியையும் கேட்டறியுங்கள்.

வருமானத்தைக் குறைத்துச் சொல்லி மானியம் வாங்குவது பின்னால் கையைக் கடிக்கும். 2026 வரியாண்டு முதல், கூடுதலாகப் பெற்ற மானியம் முழுவதையும் வரித்தாக்கலின்போது திருப்பிக் கட்ட வேண்டும். முன்பிருந்த வரம்பு நீக்கப்பட்டுவிட்டது. ஆண்டு நடுவில் வேலை கிடைத்தால் உடனே தளத்தில் தெரிவித்துவிடுங்கள்.

துணைக் காப்பீடுகள்

விபத்து, கடும் நோய், மருத்துவமனையில் தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் துணைக் காப்பீடுகள் நிறைய விற்கப்படுகின்றன. டிடக்டிபிள் பெரிதாக உள்ள பிளானை எடுத்தவருக்கு அந்த இடைவெளியை நிரப்ப இவை உதவலாம். முதன்மைக் காப்பீட்டுக்கு மாற்றாக இவற்றை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாளுக்கு 200 டாலர் தரும் பாலிசி, பல்லாயிரம் டாலர் பில்லுக்கு முன் எம்மாத்திரம்? குறுகியகாலக் காப்பீடுகளும், மதக் குழுக்கள் நடத்தும் செலவுப் பகிர்வுத் திட்டங்களும் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், ஏசிஏ விதிகளுக்கு அவை கட்டுப்பட்டவை அல்ல என்பதே. முன்பிருந்த நோய்களுக்குப் பணம் தர மறுக்க அவற்றுக்கு இடமிருக்கிறது.

பெரியவர்களுக்கான பல் மருத்துவம் பெரும்பாலான பிளான்களில் இராது. தனியாக வாங்க வேண்டும். பெரிய வேலைகளுக்குக் காத்திருப்புக் காலமும், ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் இருக்கும் என்பதால் பிரீமியத்தையும் கிடைக்கும் பலனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மவர்கள் பலர் பல் வேலையை ஊருக்குப் போகும்போது முடித்துக்கொள்கிறார்கள். செயற்கைப் பல் கட்டுவதற்கு அது சரி, சீழ் பிடித்த பல்லைப் பயணத் தேதிக்காகத் தள்ளிப்போடுவது ஆபத்து.

பெற்றோர் விருந்தினராக வந்தால் அவர்களுக்கு வாங்க வேண்டியது பயணியர் காப்பீடு. இதில் ஒவ்வொரு சேவைக்கும் நிலையான சிறு தொகை தருவது ஒரு வகை, டிடக்டிபிளுக்குப் பின் செலவில் பெரும்பகுதியை உச்சத்தொகை வரை ஏற்பது இன்னொரு வகை. விலை கூடுதலானாலும் இரண்டாவதே மேல். முன்பிருந்த நோய் திடீரென முற்றினால் மட்டும் ஏற்போம் என்ற விதியில் வயது வரம்பும் நேர வரம்பும் இருக்கும். அந்தப் பத்தியை வரிவரியாகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்தாண்டு வசித்த, 65 வயது நிறைந்த பெற்றோர், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேரலாம். இங்கே வேலை செய்திராதவர்களுக்கு 2026இல் மருத்துவமனைச் செலவுக்கான ஏ பிரிவுக்கு மாதம் 565 டாலரும், மருத்துவர் செலவுக்கான பி பிரிவுக்கு 202.90 டாலரும் பிரீமியம். பி பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம், மெடிகேப் என்ற துணைக் காப்பீட்டை உடல்நிலை பற்றிய கேள்வியின்றி வாங்க உரிமை உண்டு. அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனம் மறுக்கலாம். மெடிகேர் பொதுவாக வெளிநாட்டில் செல்லாது. ஊருக்குப் போய்வரும் பெற்றோருக்கு ஜி, என் போன்ற மெடிகேப் வகைகள் பயணத்தின் முதல் 60 நாளில் ஏற்படும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் டிடக்டிபிளுக்குப் பின் 80 சதவீதம் தருகின்றன; ஆயுள் வரம்பு 50,000 டாலர்.

விண்ணப்பத்தை நிரப்ப நேவிகேட்டர் என்ற பயிற்சி பெற்ற உதவியாளர்கள் கட்டணமின்றி உதவுவார்கள். உரிமம் பெற்ற தரகருக்கும் பொதுவாக நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஹெல்த்கேர் டாட் கவ் அழைப்பு மையத்தின் எண் 1-800-318-2596; ஆங்கிலத்தில் தயங்கும் பெற்றோர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக இணைப்பார்கள். பிளானைத் தேர்ந்தெடுத்த பின் முதல் மாதப் பிரீமியத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டினால்தான் காப்பீடு தொடங்கும். மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்கு முன் அந்தப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.