ரூமர்ஸ் ஆல்பத்த முழுசா கேக்க ஒரு வழி

ஃப்ளீட்வுட் மேக்ங்கற ராக் பேண்ட்னா நிறைய பேருக்கு ட்ரீம்ஸ் பாட்டு ஒன்னுதான் ஞாபகம் வரும், 2020ல ஒருத்தர் ஸ்கேட்போர்டுல போய்க்கிட்டே அதுக்கு வாயசைச்ச வீடியோ பரவுச்சே, அதுக்கப்புறம் இன்னும் அதிகம். அருமையான பாட்டு. ஆனா அத மட்டும் கேட்டுட்டு விட்டா, ஒரு சண்டைல ஒருத்தர் சொன்னத மட்டும் கேட்டுட்டு எந்திரிச்சு வந்த மாதிரி. அது இருக்கற ரூமர்ஸ் ஆல்பம் 1977 பிப்ரவரில வந்துச்சு, அமெரிக்காவுல 31 வாரம் நம்பர் ஒன், உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல வித்திருக்கு, 1978ல அந்த வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு கிராமியும் வாங்குச்சு. 11 பாட்டும் சேர்த்து 40 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், அந்த நேரத்த ஒதுக்கிட்டு உக்காருங்க.

ஷஃபிள ஆஃப் பண்ணிடுங்க. எந்த எடிஷன்னும் பாருங்க, பின்னாடி வந்ததுல சிலதுல சில்வர் ஸ்பிரிங்ஸ்னு ஒரு பாட்ட நடுவுல சேர்த்திருப்பாங்க, அது இப்ப வேணாம், கடைசில வரேன். செகண்ட் ஹேண்ட் நியூஸ்ல ஆரம்பிச்சு கோல்ட் டஸ்ட் உமன்ல முடியணும். ஆறாவது பாட்டு சாங்பேர்ட் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் நிறுத்துங்க, இசைத்தட்டுல அங்கதான் திருப்பிப் போடுவாங்க, அந்த அமைதிக்கப்புறம் தி செயின் ஆரம்பிச்சா அது இறங்கற விதமே வேற.

மொத தடவ பின்கதை எதையும் தேடாதீங்க, குரல மட்டும் பிரிச்சு பழகிக்கோங்க. கொஞ்சம் கரகரன்னு வர்றது ஸ்டீவி நிக்ஸ், கனிவா இறங்கி வர்றது கிறிஸ்டின் மெக்வீ, ஆம்பள குரல் லிண்ட்சி பக்கிங்ஹாம்.

இப்ப கதை. 1976ல கலிஃபோர்னியாவுல சாசலிட்டோங்கற ஊர்ல, ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவுல இத ஆரம்பிச்சப்போ ஸ்டீவியும் லிண்ட்சியும் ரொம்ப நாள் காதலிச்சு பிரிஞ்சுக்கிட்டிருந்தாங்க, கிறிஸ்டினும் பேஸ் கிதார் வாசிக்கற ஜான் மெக்வீயும் புருஷன் பொண்டாட்டி, அவங்களும் பிரிஞ்சாச்சு, டிரம்ஸ் வாசிக்கற மிக் ஃப்ளீட்வுட்டோட கல்யாணமும் உடைஞ்சுக்கிட்டிருந்துச்சு. பேண்ட விட்டு மட்டும் யாரும் போகல, தினமும் ஒரே ரூம்ல உக்காந்து ஒருத்தர பத்தி ஒருத்தர் எழுதின பாட்ட சேர்ந்து வாசிச்சிருக்காங்க.

அதனால ரெண்டாவது தடவ, முன்னாடி பாடறவங்கள விட்டுட்டு, கூட யார் பாடறாங்க, யார் வாசிக்கறாங்கன்னு கேளுங்க. இந்த ஆல்பத்தோட உயிர் அங்கதான் இருக்கு. கோ யுவர் ஓன் வே, லிண்ட்சி ஸ்டீவிய பத்தி எழுதினது, அதுல ஒரு வரி தன்ன பத்தி பொய் சொல்லுதுன்னு அவங்களுக்கு அவ்ளோ கோவம், ஆனா கோரஸ்ல சேர்ந்து பாடறது அவங்களேதான். அதே பிரிவ ஸ்டீவி தன் பக்கத்துல இருந்து சொன்னதுதான் ட்ரீம்ஸ், கிட்டத்தட்ட ரெண்டே கார்டுல (chord, சேர்ந்து ஒலிக்கற ஸ்வரங்க) ஓடற பாட்டு, அதுக்கு கிதார் வாசிச்சு அழகாக்கினது லிண்ட்சி. யூ மேக் லவ்விங் ஃபன், கிறிஸ்டின் தன் புது காதலர மனசுல வச்சு எழுதினது, ஜான்கிட்ட அது நாய பத்தின பாட்டுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. அந்தப் பாட்டத் தூக்கி நிறுத்தற பேஸ் ஜானோடது. இது தெரிஞ்சப்புறம் அந்த பேஸ கேக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு பிசையும்.

மூணாவது தடவைக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. செகண்ட் ஹேண்ட் நியூஸ்ல லிண்ட்சி நாற்காலி சீட்ட தட்டி தாளம் போட்டிருக்கார். சாங்பேர்ட் ஸ்டுடியோவுல எடுத்ததே இல்ல, பெர்க்லில ஒரு பெரிய அரங்கத்துல எடுத்தது, பியானோவ சுத்தி இருக்கற அந்த வெறுமை காதுல விழும், ராத்திரில கேளுங்க. கோல்ட் டஸ்ட் உமன்ல கண்ணாடி உடையற சத்தம் வரும், உடைச்சது மிக்.

தி செயின் தனியா ரெண்டு மூணு வாட்டி கேக்கணும். எழுதினவங்கன்னு அஞ்சு பேர் பேரும் சேர்ந்து வர்ற ஒரே பாட்டு அதுதான், வேற வேற துண்டுகள ஒட்டி செஞ்சது, மூணு நிமிஷம் போல ஆனதும் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் நடக்க ஆரம்பிக்கும் பாருங்க, பிபிசில ஃபார்முலா ஒன் கார் ரேஸ் பாத்தவங்களுக்கு அது உடனே தெரியும், அதுக்கு தீம் மியூசிக்கா போட்டது இதத்தான்.

ஆல்பத்துல இருக்கற ஐ டோன்ட் வான்ட் டு நோங்கற பாட்டு எனக்கு மத்ததோட அளவுக்கு ஒட்டல, காரணம் சில்வர் ஸ்பிரிங்ஸ்தான். ஸ்டீவி லிண்ட்சிய நெனச்சு எழுதின பாட்டு அது, தட்டுல இடம் பத்தலன்னு அத எடுத்துட்டு இத போட்டாங்க, ஸ்டீவிக்கு அது பெரிய அடி. கோ யுவர் ஓன் வே சிங்கிளோட பின்பக்கத்துலதான் அதுக்கு இடம் கிடைச்சுது. அதனால ஆல்பம் முழுசா முடிஞ்சப்புறம் கோ யுவர் ஓன் வேயையும் சில்வர் ஸ்பிரிங்ஸையும் அடுத்தடுத்து போடுங்க, மொதல்ல அவரு, அப்புறம் அவங்க.